நூறின் இடத்தில் காணாமல் போன கோடு

சனிக்கிழமை எங்கள் பட்டறையில் கூலி நாள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் வார்க்கும் பட்டறை அது. அங்கே நான் கணக்கு எழுத உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. அந்த வாரம் யார் எத்தனை கல் வார்த்தார்கள் என்று பார்த்து, கல்லுக்கு இத்தனை என்று பெருக்கி, வாங்கிய முன்பணத்தைக் கழித்து, மீதியைக் கையில் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ஒருவர் கணக்கில் 560 கல். கல்லுக்கு 7 ரூபாய். கால்குலேட்டரில் தட்டினேன். 3520 என்று வந்தது. எழுதிக்கொண்டு பணத்தை எண்ண ஆரம்பித்தேன்.

"கணக்கம்மா, நானூறு குறையுதே" என்றார் அவர்.

அவர் மனசுக்குள்ளேயே பெருக்கி வைத்திருந்தார். ஐந்நூறு ஏழு மூவாயிரத்து ஐந்நூறு, அறுபது ஏழு நானூற்று இருபது, ஆக மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. மறுபடி தட்டினேன். மறுபடியும் 3520. அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நூறின் இடத்தில் நிற்கும் எண்ணுக்கு வலது மேல்பக்கக் கோடு இல்லை. ஏழு கோடுகளால் ஆன எண்ணில் அந்த ஒரு கோடு போனால் 9 என்பது 5 ஆகிவிடும், 8 என்பது 6 ஆகிவிடும். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது: ஆயிரத்துக்கு அடுத்து விழ வேண்டிய காற்புள்ளியும் இல்லை.

அவருக்கு உரிய பணத்தை அங்கேயே கொடுத்தேன். அன்று இரவு உட்கார்ந்து முந்தைய மூன்று வாரக் கூலி ஏட்டையும் கையால் போட்டுச் சரிபார்த்தேன். இன்னொருவருக்கு 2,800 என்பதை 2,600 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்த இருநூறு ரூபாயைக் கொடுத்தேன். வேர்வை சிந்திய கூலியில் ஒரு கோடு குறைந்ததால் இருநூறு ரூபாய் குறைவது சின்ன விஷயம் இல்லை. இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை.

புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கியும் விட்டேன், கூலிக்கு இப்போதைக்கு அதுதான். ஆனால் பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அது அப்பாவுடையது.

அப்பா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மரத்தூண் ஓரமாக அவருடைய கணக்குப் பெட்டி இருக்கும். சாய்ந்த மூடி போட்ட பெட்டி. அதன் மேலேயே பேரேட்டை வைத்து எழுதுவார், உள்ளே ரொக்கமும் ரசீதும். அவர் தன் தகப்பனாரிடம் கணக்குக் கற்றவர். மாகாணி, காணி, முந்திரி என்ற பழைய பின்னங்கள் எல்லாம் வாய்ப்பாடாகவே வரும். 1984-இல் செட்டியாரின் மகன் பினாங்கிலிருந்து வந்தபோது இந்தக் கால்குலேட்டரைக் கொண்டுவந்து, "பிள்ளை, இதுக்கு பேட்டரியே வேண்டாம், வெளிச்சம் போதும்" என்று அப்பா கையில் கொடுத்தாராம்.

அப்பா அதை உடனே நம்பிவிடவில்லை. முதலில் அவர் போட்ட கணக்கு 1 வகுத்தல் 320. ஒரு முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. திரையில் 0.003125 என்று வந்தது. திரும்ப 320-ஆல் பெருக்கினார், 1 வந்தது. அடுத்து கீழ்முந்திரி. முந்திரியில் முந்நூற்று இருபதில் ஒன்று, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. எட்டு இலக்கத் திரையில் 0.0000097 என்று வந்து நின்றுவிட்டது. மீதி எண்களுக்கு இடம் இல்லை. "முந்திரி வரைக்கும் இது சரியா இருக்கு, கீழ்முந்திரிக்குப் போனா கையை விரிச்சிடுது" என்று அவர் சொன்னதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு கருவியின் எல்லை எது என்று முதல் நாளே அளந்து வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் அதை முழுசாக நம்பி, சாகும் வரை பயன்படுத்தினார்.

அதில் பேட்டரி போடும் இடமே கிடையாது, அணைக்கும் பொத்தானும் கிடையாது. வெளிச்சம் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலம் கரண்ட் போனால் அப்பா பெட்டியை விட்டு எழுந்து, பேரேட்டையும் கால்குலேட்டரையும் தூக்கிக்கொண்டு முற்றத்துத் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவார். அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தால் எண்கள் சாம்பல் நிறத்தில் மங்கும். விளக்கை ஒட்டிப் பிடித்தால் தெரியும், நகர்த்தினால் போய்விடும். அப்போது எனக்கு ஏழெட்டு வயசு. விளக்கைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. வெளிச்சத்தைத் தின்று கணக்குப் போடும் பெட்டி என்றுதான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது. பின்னால் கல்லூரியில் இயற்பியல் எடுத்துப் படித்ததற்கு அந்த விளக்கும் ஒரு காரணம். படித்தது இயற்பியல், பார்ப்பது கணக்கு வேலை. இரண்டும் சேர்ந்து பயன்பட்டது இந்த மாதம்தான்.

பிரித்தேன். அடியில் நான்கு ரப்பர் கால்கள், அதில் இரண்டுக்குக் கீழே திருகாணி. திருகாணியைக் கழற்றினாலும் மூடி வராது. ஓரத்தில் உள்பக்கமாகக் கொக்கிகள் இருக்கும், நகத்தால் மெல்ல நெம்ப வேண்டும். உள்ளே பார்த்தபோது முதலில் தோன்றியது, இவ்வளவுதானா என்பதுதான். மேசை மேல் அகலமாக உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் முக்கால் பங்கு காற்று. விரலுக்கு வசதியாகப் பொத்தான்கள் பெரிதாக இருக்கவும், எண்கள் தூரத்திலிருந்து தெரியவும், திரை கண்ணைப் பார்த்துச் சாய்ந்து நிற்கவும்தான் அந்த அகலம். வேலை செய்யும் பாகம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

பொத்தான்களுக்குக் கீழே ஒரே துண்டான ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பொத்தானுக்கும் அதில் ஒரு குமிழ், குமிழின் அடியில் கரி கலந்த கறுப்பு வட்டு. அழுத்தினால் அந்த வட்டு பலகையில் அச்சடித்த இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கும், விட்டால் ரப்பர் தானே எழும்பும். பொத்தான்களின் மேல் உள்ள எண்கள் அச்சடித்தவை இல்லை. இரண்டு நிற பிளாஸ்டிக்கை இரண்டு முறை வார்த்துச் செய்தவை. எண்ணின் நிறம் பொத்தானுக்குள் ஆழமாகவே போகிறது. அதனால்தான் நாற்பது வருஷம் அப்பா விரலும் என் விரலும் பட்டும் 5 இன்னும் 5-ஆகவே இருக்கிறது. எங்கள் கல்லிலும் இதே கதைதான், பூவின் நிறம் மேலே பூசியது இல்லை, கல்லோடு சேர்ந்து இறுகியது.

பலகையின் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு, புளியங்கொட்டை அளவு. அதற்குள்தான் கணக்கைப் போடும் சிப், அதாவது சில்லு இருக்கிறது. தனியாக ஓர் உறைக்குள் போட்டு விற்கும் சில்லை வாங்கினால் செலவு கூடும் என்று, சில்லை அப்படியே பலகையில் ஒட்டி, மயிரைவிட மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே பிசினை ஊற்றி இறுக விடுவார்கள். பக்கத்தில் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் கொண்மிகள் ஒன்றிரண்டு. அப்புறம், நான் எதிர்பார்க்காத ஒன்று: ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி.

வெளியே தெரியாத இடத்தில், மூடிய பெட்டிக்குள் எதற்கு விளக்கு? பெட்டியைத் திறந்தபடியே முற்றத்து வெயிலில் வைத்தேன். கையால் நிழல் பிடித்துப் பார்த்தால் அந்த எல்.இ.டி. மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. காரணம் யோசித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சிவப்பு எல்.இ.டி.யின் குறுக்கே மின்னழுத்தம் ஏறக்குறைய 1.6 வோல்ட்டைத் தாண்டும்போது அது மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். அந்த அளவுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் குடிக்காது. வீட்டுக்குள் வெளிச்சம் கம்மியாக இருக்கும்போது அது சும்மா இருக்கும். வெயிலில் வைத்தால் சோலார் செல் தேவைக்கு மேல் கொடுக்கும், அந்த உபரி முழுவதையும் இது வாங்கி எரித்துவிடும். சில்லுக்கு ஆபத்து இல்லை. தனியாக ஒரு மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சுற்று வைத்தால் அதுவும் கொஞ்சம் மின்சாரம் தின்னும். அதற்குப் பதில், வரவு பெருகினால் மட்டும் வாய் திறக்கும் ஓர் ஆளை வாசலில் நிறுத்திவிட்டார்கள். இப்படிப் பல சோலார் கால்குலேட்டர்களில் உண்டு என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் மகனிடம் மல்டிமீட்டர் இருந்தது. வாங்கி வந்து வரவு செலவு இரண்டையும் அளந்தேன். பட்டறையில் என் மேசைக்கு மேலே உள்ள டியூப்லைட்டில் அந்தச் செல் தருவது 14 மைக்ரோஆம்பியர். தாழ்வாரத்து நிழலில் 150-ஐத் தொட்டது. கால்குலேட்டர் எடுத்துக்கொள்வது 5 மைக்ரோஆம்பியர்தான், 1.5 வோல்ட்டில். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சிவப்பு எல்.இ.டி. எண்களில் ஒரே ஒரு கோடு நன்றாக எரிய வேண்டுமென்றாலே சில மில்லியாம்பியர் வேண்டும். அதாவது இந்தப் பெட்டி முழுவதும் கேட்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சோலார் கால்குலேட்டர் என்றால் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திறமை வளர்ந்ததால் வந்தது என்று நினைப்போம். பேரேட்டில் வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. வரவு அன்றைக்கும் இன்றைக்கும் சொற்பம்தான். செலவைக் குறைத்தார்கள், வருஷா வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல். ஒரு நாள் செலவு வரவுக்குக் கீழே இறங்கியது. அன்றைக்கு பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள்.

அந்தச் செலவுப் பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ஷார்ப் 1964-இல் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் கால்குலேட்டரின் எடை 25 கிலோ, விலை 5,35,000 யென். சுவரில் செருகினால்தான் ஓடும். 1971-இல் இன்டெல்லின் 4004 சில்லு வந்ததே பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனிக்காகத்தான். 1972-இல் கேசியோ மினி 12,800 யென்னுக்கு வந்து, வீட்டுக்கு வாங்கும் பொருளாக அதை ஆக்கியது. ஆனால் அவற்றின் எண்கள் எல்லாம் தாமே எரிபவை. எரிய மின்சாரம் வேண்டும். 1973-இல் ஷார்ப் இ.எல்.-805 திரவப் படிகத் திரையோடு வந்தது, ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரியில் 100 மணி நேரம் ஓடியது. பெரிய இறக்கம் அதுதான் என்பது என் கணக்கு. திரவப் படிகத் திரை எரிவதில்லை. மேலே விழும் வெளிச்சத்தை இடையில் நின்று மறைக்கிறது, மறைத்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. விளக்கேற்றுகிறவனுக்கு எண்ணெய் வேண்டும், பாயை இழுத்து வெயிலை மறைக்கிறவனுக்கு என்ன செலவு?

இன்னொரு இறக்கம் சில்லுக்குள் நடந்தது. பழைய வகைச் சில்லுகளில் டிரான்சிஸ்டர்கள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சீமாஸ் என்ற வகையில் டிரான்சிஸ்டர்கள் இரண்டு இரண்டாக, ஒன்று திறந்தால் மற்றது மூடும்படி நிற்கின்றன. நிலை மாறும் அந்தக் கணத்தில்தான் மின்சாரம் செலவாகிறது, சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எங்கள் பட்டறையில் நாள் கூலிக்கும் கல் எண்ணிக் கொடுக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசம் இது. ஒரு பொத்தானை அழுத்தி அடுத்த பொத்தானைத் தேடும் நேரத்தில் அந்தச் சில்லு கிட்டத்தட்டத் தூங்குகிறது.

வரவுப் பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எங்கள் கல் எப்படிச் செய்வது என்று பார்த்திருக்கிறீர்களா? தலைகீழாகச் செய்வது. முதலில் ஒரு கண்ணாடித் துண்டு, கல்லின் அளவுக்கு அறுத்தது. அதைத் துடைத்து வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம், உள்ளே பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சைக் கை நடுங்காமல் மேலே எடுக்க வேண்டும். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் உலர்ந்தபடியே தூவல், அப்புறம் ஈரக் கலவை, மட்டம். அவ்வளவுதான். ஊருக்குக் காட்டும் முகம் அடியில் கண்ணாடியைப் பார்த்துப் படுத்திருக்கும், நம் கண்ணுக்குத் தெரிவது முதுகு. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, மறுபடி வெயிலில் காயும்போது கண்ணாடி விட்டுக்கொடுக்கும். புரட்டினால் பூ. மெருகு ஏற்றாமலே பளபளக்கும் அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது.

அந்தக் கால்குலேட்டரின் சோலார் செல்லும் அப்படித்தான் செய்யப்பட்டது. கண்ணாடித் துண்டுதான் முதல். அதன் மேல் ஒளியை விட்டு மின்சாரத்தையும் கடத்தும் வெள்ளீய ஆக்சைடு படலம். ஒளி முதலில் படும் முகம் அது. அதன் மேல் சிலிக்கான், மூன்று அடுக்கு: போரான் கலந்த மெல்லிய படலம், கலப்பில்லாத நடுப்படலம், பாஸ்பரஸ் கலந்த படலம். எல்லாவற்றுக்கும் பின்னால் அலுமினியம். முகம் முதலில், முதுகு கடைசியில். செய்து முடித்துப் புரட்டினால் கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே போகும். ஒரே வித்தியாசம், நாங்கள் கண்ணாடியை எடுத்துவிடுகிறோம், அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

சிலிக்கானை ஊற்ற முடியாது. சிலேன் என்ற வாயுவை வெற்றிட அறைக்குள் செலுத்தி, அதில் மின்புலம் கொடுத்து ஒளிரும் நிலைக்குக் கொண்டுவந்தால், வாயு உடைந்து சிலிக்கான் பனி இறங்குவதுபோலக் கண்ணாடி மேல் படியும். கண்ணாடிக்கு இருநூறு முந்நூறு டிகிரி சூடு போதும். மாடிகளில் இப்போது பார்க்கும் பெரிய பலகைகளில் இருப்பது படிகச் சிலிக்கான். உருக்கி, படிகமாக வளர்த்து, அறுத்து எடுத்தது. கால்குலேட்டரில் இருப்பது படிக ஒழுங்கு இல்லாத சிலிக்கான். அணுக்கள் தாறுமாறாக நிற்கும், பல பிணைப்புகள் கைகோக்க ஆளில்லாமல் தொங்கும். சிலேன் வாயுவிலேயே இருக்கும் ஹைட்ரஜன் அந்தத் தொங்கும் கைகளைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஸ்பியரும் லெகோம்பரும் இதில் கலப்பு சேர்க்க முடியும் என்று 1975-இல் காட்டினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ.யின் கார்ல்சனும் ரான்ஸ்கியும் சோலார் செல்லாகவே செய்து காட்டினார்கள். விழுந்த வெளிச்சத்தில் 2.4 சதவீதம்தான் மின்சாரமாக மாறியது. 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் படிகச் சிலிக்கான் செல்லே 6 சதவீதம் கொடுத்திருந்தது.

இரண்டரைக்கும் குறைந்த சதவீதத்தை வைத்து வீட்டுக்கு விளக்குப் போட முடியாது. ஆனால் சொற்ப மின்சாரமே கேட்கும் ஒரு பெட்டி ஏற்கெனவே காத்திருந்தது. ஜப்பானில் சான்யோவின் குவானோ யுகினோரி அந்தப் பொருத்தத்தைப் பிடித்தார். 1980-இல் சான்யோ இந்தச் செல்லைக் கால்குலேட்டருக்கென்றே தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தது. படிகம் இல்லாத சிலிக்கானுக்கு இன்னொரு கொடுப்பினையும் இருந்தது. டியூப்லைட்டின் வெளிச்சத்தில் அகச்சிவப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் நிறங்களே. அந்த நிறங்களைத்தான் இது நன்றாக வாங்கும். அரை மைக்ரான் கனமே போதும், தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வெயிலுக்குச் செய்ததைவிட அலுவலக மேசைக்குச் செய்தது மாதிரியே அமைந்துவிட்டது.

ஒரு செல்லில் ஒரு வோல்ட்கூட வராது. நான்கைத் தொடராக இணைத்தால்தான் 1.5 வோல்ட். படிகச் செல் என்றால் நான்கைத் தனித்தனியாக அறுத்துக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இங்கே ஒரே கண்ணாடியில், படலங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்றின் முதுகு அடுத்ததின் முகத்தைத் தொடும்படி படிய வைத்துவிடலாம். குவானோவின் ஆட்கள் கண்டுபிடித்த வழி அது. பழைய கால்குலேட்டரின் ஜன்னலைப் பார்த்தால் கருஞ்சிவப்பாக நான்கு கட்டங்களும் நடுவே மூன்று மெல்லிய கோடுகளும் தெரியும். எங்கள் ஆட்கள் அச்சை எடுத்தபின் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே நிற்கும் கோடு நினைவுக்கு வந்தது. நான்கில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வையுங்கள், எண் முழுவதுமே மங்கும். வரிசையாக நின்று சட்டி கைமாற்றும் நான்கு பேரில் ஒருவர் நின்றுவிட்டால் மற்ற மூவர் கையும் நின்றுவிடும் அல்லவா. அந்த ஜன்னலைத் திரைக்கும் மேலே, தலைமாட்டில் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே, தட்டுகிற கையின் நிழல் அங்கே எட்டாது.

சரி, காணாமல் போன கோட்டுக்கு வருகிறேன்.

திரை ஒரு கண்ணாடி, பலகை வேறு. நடுவில் ஈயம் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒரு ரப்பர் பட்டைதான். பக்கவாட்டில் பார்த்தால் வரிக்குதிரை மாதிரி கறுப்பும் வெளுப்புமாக மெல்லிய அடுக்குகள். கறுப்பு கடத்தும், வெளுப்பு கடத்தாது. கண்ணாடியின் விளிம்பில் உள்ள ஒவ்வொரு தடத்தையும் பலகையில் அதற்கு நேரே உள்ள தடத்தோடு இந்தக் கறுப்பு வரிகள் இணைக்கின்றன. அழுத்தி வைத்தால் போதும். ஒரு தடத்தில் இரண்டு மூன்று கோடுகளுக்கு முறை வைத்து மின்சாரம் போகும். கோடும் காற்புள்ளியும் ஒன்றாகக் காணாமல் போனது அதனால்தான் நல்ல செய்தி. திரையே கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து போவது அபூர்வம், வழியில்தான் அடைப்பு.

திரை கெட்டிருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளியில் படிக்கும்போது எங்களைச் சிக்ரிக்கு அழைத்துப் போனார்கள், செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் வைத்து, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆய்வகம். அங்கே ஒருவர் இரண்டு தகடுகளை உப்பு நீரில் விட்டு நேர்மின்சாரம் கொடுத்துக் காட்டினார். ஒரு தகட்டில் குமிழி, கொஞ்ச நேரத்தில் மற்றது கறுத்தது. ஒரே திசையில் ஓடும் மின்சாரம் திரவத்துக்குள் பொருளையே மாற்றிவிடும் என்றார். கால்குலேட்டர் திரையிலும் அந்த ஆபத்து இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சில மைக்ரான் கனத்துக்குத் திரவம். அதில் ஒரே திசையில் மின்னழுத்தம் நின்றால் நாளாவட்டத்தில் திரவம் சிதையும். அதனால் சில்லு நொடிக்குப் பல முறை திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. நம் கண்ணுக்கு 9 அசையாமல் நிற்கிறது, உள்ளே அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டே இருக்கிறது. நாற்பது வருஷமாக அது சரியாக நடந்திருக்கிறது. என் திரையில் ஒரு கறுப்புத் திட்டுகூட இல்லை.

ரப்பர் பட்டையை எடுத்துப் பார்த்தால் ஒரு முனையில் சாம்பல் நிறத்தில் மாவு. சிமெண்ட் தூசி. செட்டியார் வீட்டு வளவில் இருந்தவரை வராத தூசி, பதினாறு வருஷம் என் மேசையில் இருந்ததில் கொக்கி இடுக்கு வழியாக உள்ளே போய், காற்றின் ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பட்டையின் இரு பக்கமும் துடைத்தேன். பலகையின் தடங்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், மினுமினுப்பு வந்தது. கண்ணாடியின் விளிம்பில் மட்டும் ரப்பர் போடவில்லை, அந்தத் தடங்கள் கண்ணுக்கே தெரியாத படலம், பஞ்சால் ஒத்தி எடுத்ததோடு விட்டேன். சோலார் செல்லுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் தொடவில்லை. அலுமினியப் படலம் பற்றவைக்கும் சூட்டைத் தாங்காமல் உரிந்தால் நாற்பது வருஷம் அங்கேயே போய்விடும்.

பட்டையை நேராக உட்கார வைப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு தடம் பக்கத்துத் தடத்தோடு பேசிவிடும். மூன்றாவது தடவையில் சரியாக உட்கார்ந்தது. மூடியை வைப்பதற்கு முன்பே தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் எட்டு இடத்திலும் 8 போட்டேன். அத்தனை கோடுகளும் அத்தனை காற்புள்ளிகளும் நின்றன. கொக்கி இடுக்குகளில் உள்பக்கமாக மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டிவிட்டு மூடினேன். இனி மேசையில் ஒரு துணியும் உண்டு.

போன சனிக்கிழமை அதே ஆள் கூலிக்கு வந்தபோது புதுசைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவின் கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி, 560 பெருக்கல் 7 என்று போட்டுக் காட்டினேன். 3,920. காற்புள்ளியோடு. அவர் குனிந்து பார்த்தார். "இதுக்கு கரண்ட் எங்கேருந்து வருது?" என்றார். ஜன்னலைக் காட்டி, நம்ம கல்லு மாதிரிதான், கண்ணாடி மேல தலைகீழா செஞ்சது என்று சொல்லி, வரிசையை விரலால் எண்ணிக் காட்டினேன். அவர் பச்சை நிறம் காய்ந்து ஒட்டியிருந்த உள்ளங்கையை ஜன்னல் மேல் மெல்ல வைத்தார். எண் மங்கி மறைந்தது. கையை எடுத்தார். ஒரு சுழி மட்டும் வந்து நின்றது.

"இன்னொரு தரம் போடுங்க, கணக்கம்மா" என்றார்.